நகர்த்தி வைத்த குரல்

இது மெய்யாகவே நிகழ்ந்தது. பொழுதுபோக்கிற்காகப் புனைந்ததன்று. இதற்கு உரிய அம்மையார் தம் கைப்பட, நாளும் மணியும் குறித்து, பதினொரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாயால் சொல்லாமல் ஏன் எழுதிக் கொடுத்தார் என்பது போகப்போகத் தெரியும்.

தெருவில் எல்லாரும் அவரை வாசிப்பம்மா என்றே அழைத்தனர். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாய்விட்டுப் படித்துப் பதிவுசெய்து கொடுப்பது அவர் தொழில். அந்த வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. மாடி பூட்டிக் கிடந்தது. கணவர் காலை எட்டு மணிக்கு லேத் பட்டறைக்குப் போய்விடுவார். அதன்பின் அம்மையார் பின்னறைச் சன்னலுக்குப் போர்வை கட்டி, மைக்கின் முன் அமர்வார். அத்தொழிலில் உள்ளோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. நாக்குப் பிறழ்ந்தால் பதிவை நிறுத்துவதில்லை. ஒருமுறை கையைத் தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படிப்பர். பிற்பாடு கைதட்டல் கேட்கும் இடத்தில் தவற்றை வெட்டி எறிந்துவிடலாம்.

அம்மாதம் அவர் கையில் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு பக்கச் சட்ட நூல். விடுதி மாணவர் இருபத்திரண்டு பேர் தேர்வுக்கு அதையே நம்பியிருந்தனர். அம்மையாரின் தொண்டையிலோ ஒரு கட்டி. பதினான்காம் நாள் அறுவை என்று மருத்துவர் நாள் குறித்துவிட்டார். குரல் திரும்பி வருமா என்று கேட்டதற்கு, அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பார்க்கலாம் என்றார். அந்தப் ‘பார்க்கலா’மின் பொருள் விளங்காத அளவுக்கு வாசிப்பம்மா குழந்தையல்லர். குரல் இருக்கும்போதே நூலை முடித்தாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கணினி இடக்குச் செய்தது. உள்ளங்கை அகலமே உள்ள குட்டிக் கணினி. பத்தாண்டுப் பதிவுகளால் அது நிரம்பி வழிந்தது. கணினி பழுதுபார்க்கும் கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துச் சிரித்தான்.

“இந்தச் சோப்பு டப்பாக்குள்ள இன்னும் எவ்வளவுதான் திணிப்பீங்க அண்ணி?”

கணினியைப் பிரிக்கவே வேண்டியதில்லை. வட்டு வைத்த பெட்டியொன்றை வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால், அது கணினியில் இன்னொரு டிரைவாகத் தெரியும் என்று விளக்கினான். தான் வாங்கி வந்த பெட்டியைச் சமையலறைப் பரண்மேல் ஏற்றி வைத்தான். அதற்குள் கடையிலிருந்து அழைப்பு வந்தது. மீதியைப் போனில் சொல்வதாகக் கூறிக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை 10.20. அவன் சொல்லச் சொல்ல இவர் அழுத்தினார். நெட்வொர்க்கில் ஒரே ஒரு பெட்டி தெரிந்தது. அதற்கு ‘இசட்’ என்று டிரைவ் எழுத்துக் கொடுத்தார்.

“காப்பி பண்ணாதீங்க அண்ணி, மூவ் பண்ணுங்க. அப்பத்தான் இங்க காலியாகி அங்க போய்ச் சேரும்.”

அப்படியே செய்தார். பத்தாண்டுக் குரல் ஒவ்வொரு கோப்பாக நகர்ந்தது. கணினியில் ஒரு பிரதியும் எஞ்சவில்லை. கொழுந்தன் வாங்கியது இரண்டு டெராபைட் என்று சொன்ன நினைவு; திரையோ நான்கு என்று காட்டியது. கொழுந்தனின் கை தாராளந்தான் என்று எண்ணி நகைத்துக்கொண்டார்.

பிற்பகல் 2.05. அன்றைய முதல் பதிவை முடித்து இசட்டில் சேமித்தார்.

தலைக்கு மேலே... கர்ர்ர்... டக்.

வட்டு சுழன்று நிற்கும் ஒலி. பெட்டி இருப்பது சமையலறைப் பரணில். ஒலி வந்ததோ பின்னறைக் கூரையின் மேலிருந்து. பழைய கட்டடம், ஓசை சுவரேறி வருகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

நான்காம் நாள், 3.12. நூற்று நாற்பதாம் பக்கத்தைச் சரிபார்க்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில் ஒரு முழு வரியை விட்டுவிட்டுப் படித்திருந்தார். படித்தபோது அதை அவர் கவனிக்கவில்லை. கவனிக்காததால் கை தட்டவுமில்லை.

ஆனால் பதிவில்... பட்.

ஒரு கைதட்டல். அதன்பின் அவருடைய குரலே, விட்ட வரியையும் சேர்த்து, முதலிலிருந்து படித்தது.

அன்று மாலை கணவரிடம் சொன்னார். மாத்திரை மயக்கத்தில் தட்டியிருப்பாய், மறந்திருப்பாய் என்றார் அவர். இருக்கலாம் என்று இவரும் விட்டுவிட்டார். ‘என்னங்க’ என்று கணவரை நீட்டி அழைப்பது அம்மையாரின் வழக்கம். அந்த நீட்டலைக் கேட்டு இருபத்தாறு ஆண்டாகச் சிரிப்பவர், அன்றுதான் ஒன்றைக் கவனித்தார். நீட்டல் பாதியிலேயே காற்றாகிப் போயிற்று.

குரல் நாளுக்கு நாள் கம்மிக்கொண்டே வந்தது. கட்டியின் வேலை என்றார் மருத்துவர். பதிவுகளில் மட்டும் அது கம்மவில்லை. கரகரத்துப் படித்ததையும் இசட் மணி போலத் திருப்பிக் கொடுத்தது.

ஏழாம் நாள், 3.20. இருமல் வந்தது. பதிவை ஓடவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பியபோது 3.24. பிறகு கேட்டுப் பார்த்தார். அந்த நான்கு நிமிடத்தில் மௌனமே இல்லை. அவர் குரல் படித்துக்கொண்டேயிருந்தது. அவர் இன்னும் புரட்டாத பக்கத்தை...

கொழுந்தனுக்குப் போன் செய்தார். “பெட்டிக்கு உங்க குரல் பிடிச்சுப் போச்சு போல அண்ணி,” என்று அவன் சிரித்தான்.

அன்றே நிறுத்தியிருக்கலாம். இருபத்திரண்டு மாணவர், கையில் இருந்ததோ ஏழே நாள். நிறுத்தவில்லை.

பதின்மூன்றாம் நாள், மாலை 4.50. பக்கம் 331. அத்துடன் குரல் முழுவதும் நின்றது.

அறுவை நன்றாகவே நடந்தது. அறுவை முடிந்த ஆறாம் நாள் மருத்துவர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். கட்டி புற்றுநோயன்று. குரல் நாண்களில் ஒரு கீறல்கூட இல்லை. பேச்சு வராதிருக்கக் காரணமே இல்லை என்றார்.

வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

அன்று பிற்பகல் வீடு திரும்பினர். 3.05. கணவரும் கொழுந்தனும் உடனிருந்தனர். மீதிப் பக்கங்களை வேறொருவரைப் படிக்கச் சொல்லலாம், இதுவரை முடிந்ததை எடுத்துத் தா என்று கொழுந்தனிடம் தாளில் எழுதிக் காட்டினார். அவன் இசட்டைத் திறந்தான்.

“முடிச்சுட்டுத்தானே போயிருக்கீங்க அண்ணி. ஒரே ஒரு பக்கந்தான் பாக்கி.”

பக்கம் 332... 333... 411 வரை.

எல்லாம் அறுவைக்குப் பிந்திய தேதி.

எல்லாம் பிற்பகல் நேரம். வீட்டில் ஒருவருமில்லாத நேரம்.

கொழுந்தன் பரணில் ஏறினான். அவன் வைத்த பெட்டி வைத்தபடியே இருந்தது. அதன் மின்கம்பி கடையில் கட்டிய பிளாஸ்டிக் முடிச்சோடு சுருண்டு கிடந்தது. அதை எவரும் செருகவே இல்லை.

“நீங்க செருகிட்டீங்கன்னுதான் நான்...” என்றான்.

அப்படியானால் இசட்...

தலைக்கு மேலே... கர்ர்ர்... டக்.

வீட்டுக்காரம்மாவை அழைத்தனர். மாடிக்கும் கீழுக்கும் ஒரே வைஃபைதான் என்றார் அவர். சாவியோடு வந்து மாடியைத் திறந்தார். வெற்றறை. பின்னறைக்கு நேர் மேலே, மூலையில், ஒரு வட்டுப் பெட்டி. நான்கு டெராபைட். அதன்மேல் தடித்த தூசி. மாடி காலியான மறுவாரமே மின்மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். அது நடந்து நான்கு மாதம் ஆயிற்று.

கொழுந்தன் பெட்டியைத் தொட்டான். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

சூடாக இருந்தது.

“இங்க யார் இருந்தாங்க?” என்று கணவர் கேட்டார்.

வீட்டுக்காரம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கிருந்தே சொன்னார்.

“பஸ் ஸ்டாண்டுல மைக்ல அறிவிப்பு சொல்ற பொண்ணுங்க. தனியாத்தான் இருந்துச்சு. தொண்டையில ஆபரேஷன் பண்ணாங்க, அதோட பேச்சு போச்சு. எது வேணும்னாலும் கையைத் தட்டித்தான் கூப்பிடும். கடைசியில ரெண்டு நாளா தட்டியிருக்குன்னு எதிர்வீட்டுல சொன்னாங்க. கீழ அப்ப ஆளில்ல. நானும் ஊர்ல இல்ல. வந்து கதவைத் திறந்தப்ப உயிர் இல்ல.”

மூவரும் கீழே வந்தனர்.

3.48. திரையில் புதிதாக ஒரு கோப்பு.

412. கடைசிப் பக்கம்.

கேட்க வேண்டாம் என்று கொழுந்தன் தலையை அசைத்தான். வாசிப்பம்மா அவன் கையை விலக்கினார். அது தம்முடைய குரல். இனி எங்கே கேட்கப் போகிறார்? அவரே அழுத்தினார்.

தெளிவான குரல். கட்டி வருவதற்கு முந்திய குரல். கடைசிப் பத்தியைப் படித்தது. நூல் முற்றிற்று என்றது.

மௌனம்... ஐந்து நொடி... பத்து...

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பெருமூச்சு.

“என்னங்க...”

அதே நீட்டல்.

“ம்,” என்றார் கணவர். தம்மையறியாமலே.

வாசிப்பம்மா அவர் வாயைப் பொத்தினார்.

“கீழே வரட்டுமா?”

பட்.

ஒரு கைதட்டல்.

பிறகு, முதலிலிருந்து... திருத்தி...

“என்னங்க... கீழே வர்றேன்.”