பன்னிரண்டு நம்பரும் ஒரு குக்கரும்

சரவணா, கலா,

நீங்கள் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது நம் வீட்டு டிவியில் ஒரு நாள் கார்ட்டூன் சேனல் வராமல் போனது. கேபிள்காரர் வீட்டிலேயே கார்ட்டூன் வரவில்லையே என்று கலா அழுதாள். சரவணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். "ஏன்" என்று கேட்டதற்கு, "அதுக்கு ஒரு காரணம் இருக்கு, பெரிசானதும் சொல்லுதேன்" என்றேன். இப்போது பெரியவர்களாகிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நம்பர் கொடுக்கிற வேலை

பசுவந்தனையில் நான் கேபிள் லைன் நடத்திய இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓடு போட்ட ஒரு அறை. அதற்குக் கண்ட்ரோல் ரூம் என்று பெரிய பெயர். வெளியே டிஷ். உள்ளே ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர். ரிசீவர் வானத்திலிருந்து படத்தை வாங்கும். மாடுலேட்டர் அதற்கு ஒரு நம்பர் போட்டு வயரில் அனுப்பும்.

அப்போது பாதி வீடுகளில் பழைய டிவிதான். அதில் பன்னிரண்டு நம்பருக்கு மேல் எடுக்காது. அதற்கு மேலே இருப்பதை எஸ்-பேண்ட் என்போம். ரிமோட் வைத்த புது டிவியில் மட்டும் அது வரும். அதனால் எந்தச் சேனல் பன்னிரண்டுக்குள் இருக்கிறது என்பது பெரிய விஷயம்.

லைனின் கடைசிக் கம்பம் மேற்கே ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஆடு மாடு வைத்திருப்பவர்களும் மானாவாரி விவசாயிகளும் உள்ள ஊர். அங்கே ஒரு வீட்டில்கூடப் புது டிவி கிடையாது.

நிகழ்ச்சி வராத ஞாயிறு

ஞாயிறு காலையில் ஒரு நிகழ்ச்சி வரும். ஒருவர் மைக்கோடு ஊர் ஊராகப் போய், கடைத்தெருவில் நிற்பவர்களிடம் கேள்வி கேட்பார். பதில் சொன்னால் பிரஷர் குக்கர். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதை "மைக்குக்காரர்" என்றுதான் சொல்வார்கள். அந்த நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது.

ஒரு ஞாயிறு அது வரவில்லை. பதிலுக்குப் பழைய சினிமாப் பாட்டுப் போட்டார்கள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். "என்ன அண்ணாச்சி, மைக்குக்காரர எங்க ஒளிச்சு வச்சிருக்கீக?" என்று போன் மேல் போன். சேனல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அப்புறம் கடைசிக் கம்பத்து ஊரிலிருந்து பேச்சியம்மாள் நடந்தே கண்ட்ரோல் ரூமுக்கு வந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் அய்யாத்துரை. கோடையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு குளத்தூர்ப் பக்கம் போய், வயல்களில் கிடை போடுகிறவர். அறுப்பு முடிந்த நிலத்தில் இரவெல்லாம் ஆட்டை அடைத்து வைத்தால் நிலத்துக்கு உரம். அதனால் மாசக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார்.

"அண்ணாச்சி, மைக்குக்காரர் நிகழ்ச்சி இனி வராதா?"

"தெரியலம்மா. ஏன்?"

"அதுல நான் வருதேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஒரு கிடாயை விற்கக் கோவில்பட்டிச் சந்தைக்குப் போயிருக்கிறாள். அங்கே மைக்குக்காரர் அவளை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார். படம் எடுப்பவர்கள் இங்கே நில்லு, அங்கே நில்லு என்று நேரத்தைக் கடத்திவிட்டார்கள். சாயங்கால பஸ் போய்விட்டது. ராத்திரி பஸ்ஸில் வந்து பசுவந்தனையில் இறங்கி இருட்டில் ஊருக்கு நடந்திருக்கிறாள். ஊரில் கேட்டவர்களிடம் "டிவிக்காரவுக நிப்பாட்டிட்டாவ, ஞாயித்துக்கெழமை பாருங்க" என்று சொன்னாள். ஊரே பார்த்தது. சினிமாப் பாட்டு வந்தது.

"முதல்ல ‘டிவிக்காரி’ன்னு கேலி பண்ணுனாவ. இப்ப, அன்னைக்கு எங்கன போயிட்டு வந்தான்னு கேக்காவ. கிடைக்கே போயி எங்க வீட்டுக்காரவுக காதுல ஓதிட்டாவ. அவிய வந்து உக்காந்திருக்காவ. ஒரு வார்த்த கேக்கல. நான் வச்ச சோத்தயும் தொடல."

"கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தா குக்கர் கிடைச்சிருக்குமே. அதக் காட்டியிருக்கலாம்லா."

"சொல்லல."

"என்ன கேட்டான்?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அத டிவியில பாத்துக்கோங்க" என்றாள்.

கோவில்பட்டிக் கடையில்

அந்த வாரம் கனெக்டர் வாங்கக் கோவில்பட்டியில் ஒரு கேபிள் சாமான் கடைக்குப் போனேன். கடையில் ஓடிய டிவியில் மைக்குக்காரர் வந்தார். அதே சட்டை, அதே சிரிப்பு. ஆனால் மூலையில் இருந்த முத்திரை வேறு. போட்டிச் சேனல். நிகழ்ச்சியை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். புதிதாக ஆரம்பிக்கிற முதல் வாரம் கோவில்பட்டிச் சந்தை என்று விளம்பரம் ஓடியது. மைக்குக்காரருக்குப் பின்னால் ஆட்டுக் கூட்டம் தெரிந்தது.

அந்தச் சேனல் வேறு சேட்டிலைட்டில் இருந்தது. என் டிஷ் அந்தப் பக்கம் பார்க்காது.

அய்யாத்துரையிடம் நேரே போய்ச் சொன்னேன். "நிகழ்ச்சி வேற சேனலுக்குப் போயிட்டு. வார ஞாயிறு நம்ம சந்தைதான் வருது."

"எங்க டிவியில வருமா அண்ணாச்சி?"

"வர வைக்கேன்."

"என் ரூமுக்கு வாங்க, அங்க பாக்கலாம்" என்றும் சொன்னேன். அதற்குப் பேச்சியம்மாள் உள்ளேயிருந்து பதில் சொன்னாள். "அவிய மட்டும் பாத்தாக் காணாது. பேசுன வாய் எல்லாம் பாக்கணும்."

எதை எடுப்பது

கயத்தாற்றில் இதே தொழில் பண்ணிய ஒரு நண்பர், புது டிஷ் போட்டுவிட்டுப் பழையதைச் சும்மா போட்டிருந்தார். அதைக் கேட்டு வாங்கி டிராக்டரில் ஏற்றி வந்தேன். ரிசீவரும் மாடுலேட்டரும்கூட அவரே கொடுத்தார். இனிப் பன்னிரண்டில் ஒரு நம்பர் வேண்டும்.

அரசாங்கச் சேனல் ரெண்டையும் நல்ல நம்பரில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். மைக்குக்காரர் விட்டுப்போன பழைய சேனலை எடுக்கலாம் என்று நினைத்தேன். அந்தச் சேனலுக்காகத் திருநெல்வேலியிலிருந்து பேசுகிற ஏஜெண்ட், "நிகழ்ச்சிதான போச்சு அண்ணாச்சி, சேனல் போகலல்லா? சாயங்கால சீரியலுக்கு உங்க ஊர்ப் பொம்பளைங்க என்ன செய்வாவ?" என்றார். அவர் சொன்னது சரிதான். தெலுங்குச் சேனலை எடுத்தால் வீட்டில் தெலுங்கு பேசுகிற ரெண்டு தெருக்காரர்களும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பக்திச் சேனல், சினிமாச் சேனல், கிரிக்கெட், எல்லாவற்றுக்கும் சண்டைக்கு ஆள் இருந்தது.

கார்ட்டூனுக்கு மட்டும் இல்லை. சின்னப் பிள்ளைகள் போன் பண்ணித் திட்டமாட்டார்கள். வயரை அறுத்துவிட்டுப் போ என்று சொல்லமாட்டார்கள். கார்ட்டூனை எஸ்-பேண்டுக்குத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் போட்டிச் சேனலை வைத்தேன். நம் வீட்டு டிவியும் பழையதுதானே.

கடப்பாரை

டிஷ்ஷைக் கண்ட்ரோல் ரூமுக்குப் பின்னால் குழாய் நட்டு நிறுத்தினேன். சனிக்கிழமை படம் கண்ணாடி மாதிரி வந்தது. அன்று சாயங்காலம் கோடை மழை பெய்தது.

கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் குழாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. டிவி முழுக்கப் புள்ளி. மண்ணைத் தோண்டிக் கல் போட நேரமில்லை. உங்கள் அம்மாவைக் கூட்டிவந்து உள்ளே டிவிமுன் உட்கார வைத்தேன். நான் குழாய்க்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன்.

"வருதா?"

"புள்ளியாத்தான் வருது."

"இப்ப?"

"வந்துட்டு. அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

கடப்பாரையை விட்டால் படம் போய்விடும். அதனால் தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். நிகழ்ச்சியை நான் பார்க்கவே இல்லை. அம்மா ஜன்னல் வழியாகச் சொல்லச் சொல்லக் கேட்டதுதான்.

"ஆட்டுச் சந்தை வந்துட்டு."

"பேச்சி தெரியுதாளா?"

"ஆடுதான் தெரியுது. பொறுங்க. நிக்கா, நிக்கா. கிடாய்க்குப் பின்னால நிக்கா."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"என்ன கேக்கான்?"

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னங்கான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பேரச் சொன்னாக் குக்கராம். தூக்கிக் காட்டுதான்."

"சொல்லுதாளா?"

நான் ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டினேன்.

"ஏட்டி, சொல்லுதாளா இல்லையா?"

"எப்படிச் சொல்லுவா?" என்றாள் அம்மா. அவள் இன்றுவரை என் பெயரைச் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்கத் தொடங்கினாள். "கிடாய்க்குப் பேர் வேணும்னா சொல்லுதேன்ங்கா. அவன் விடமாட்டேங்கான். இவளும் விடமாட்டேங்கா. ‘சந்தைக்கு நான் ஆடு விக்கத்தான் வந்தேன், அவிய பேர விக்க வரல. குக்கர நீங்களே வச்சுப் பொங்குங்க’ன்னுட்டு கிடாய இழுத்துக்கிட்டுப் போறா. சனம் கைதட்டுது."

கடப்பாரை அழுத்தித் தோள் கன்றிப்போயிருந்தது. இறக்கி வைத்ததும் படம் போய்விட்டது. போகட்டும்.

பிறகு

மறுநாள் அய்யாத்துரை சைக்கிளில் வந்தார். டிஷ்ஷை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "குக்கர் பெரிசா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"எனக்கு எங்க தெரியும்? நான் டிஷ்ஷத் தாங்கிட்டு நின்னேன்."

"ஊரே வந்து பாத்துது. பேரச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா. கோட்டிக்காரி." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அதை மடித்துத் தோளில் போடவே அவருக்கு நேரமாயிற்று.

பேச்சியம்மாளை அப்புறம் பஸ்ஸில் பார்த்ததாக அம்மா சொன்னாள். "இப்ப, ஏன் பேரச் சொல்லலன்னு தெனமும் சண்டைக்கு வாராவ மதினி. வரட்டும். இந்தச் சண்டை நல்லாத்தான் இருக்கு" என்றாளாம்.

நிகழ்ச்சி எந்தச் சேனலுக்குப் போவது என்பதை மெட்ராஸில் யாரோ முடிவு செய்கிறார்கள். அது ஒரு வீட்டில் சோற்றுத் தட்டுவரை வந்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. இடையில் நிற்கிற நமக்குத் தெரிய வேண்டும். எந்த வேலை செய்தாலும் கடைசிக் கம்பத்தில் என்ன வருகிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். நான் கற்றது அதுதான்.

அய்யாத்துரை போனபின் டிஷ் குழாயைத் தோண்டி எடுத்துக் கருங்கல் போட்டு நட்டேன். கை கால் கழுவிவிட்டுக் கண்ட்ரோல் ரூமுக்குள் வந்தேன். யாரும் இல்லை. சோதனை டிவியில் எஸ்-பேண்ட் வரும். அதில், உங்களிடமிருந்து எடுத்த கார்ட்டூனைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். அதுவரை அதை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒரு வாத்து குடையை விரித்துக்கொண்டு மலையிலிருந்து குதித்தது. குடை மேலே போனது, வாத்து கீழே போனது. தனியாக உட்கார்ந்து, அது முடிகிறவரை பார்த்தேன்.