நான்கு விரல் இடைவெளி

திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்துப் போர்வெல் போடுபவர் அவர். என்னிடம் இருக்கும் அதே பழைய சொகுசுக் கார் அவரிடமும் இருந்ததால் போனில் பழக்கம். இருவருமே மெக்கானிக்கிடம் போகாமல் வீடியோ பார்த்து நாங்களே கழற்றி மாட்டும் ரகம்.

அன்று காலை அழைத்தார். முதுகில் ஆபரேஷன் முடிந்த மனைவியைச் சாயங்காலம் சேலத்திலிருந்து அழைத்து வர வேண்டும். குலுங்கவே கூடாது. இந்தக் காரில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை என்பதால் மெத்தைபோல் போகும். ஆனால் பின்பக்கப் பை ஒன்று கிழிந்துவிட்டது.

"எப்படிங்க கிழிஞ்சுது?"

"ரிக்கு கம்ப்ரசர்ல காத்தடிச்சனுங்க."

பாறையைத் துளைக்கிற காற்று அது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் காருக்காக வாங்கி வைத்திருந்த பையை எடுத்துப் போனேன்.

அவர் லுங்கி, சட்டையெல்லாம் கிரீஸ். ஓரிடத்தில் நிற்க மாட்டார். பையை மாட்டி முடித்த பிறகும், வண்டி இறங்குகிறதோ என்று டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நான்கு விரலை விட்டு விட்டுப் பார்த்தார். பிறகு தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து, என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டினார்.

"சிந்துச்சுங்களா தம்பி?"

"கொஞ்சந்தானுங்க."

"நமக்குக் கொஞ்சம். அவளுக்கு?"

டயரிலும் லாரிக்கு அடிப்பதுபோல் காற்றடித்திருந்தார். குறைத்தோம். அடுத்த சுற்றில் சிந்தவில்லை. கையைக்கூடக் கழுவாமல் சேலத்துக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வேலையே ஓடவில்லை. இருட்டிய பிறகு கூப்பிட்டார், கிசுகிசுப்பாக.

"ஊட்டு வாசல்ல இருக்கறமுங்க. அவ வண்டியிலயே தூங்கிட்டா. எழுப்ப மனசில்ல."

பேசி முடித்ததும் சத்தமில்லாமல் இறங்கி, சக்கரத்துக்கு மேல் விரலை விட்டுப் பார்த்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.