குங்குமப் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

பெர்ரிப் படகின் எஞ்சின் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறும்... டீசல் வாடை, உப்புக்காற்று, மடியில் துண்டில் சுற்றிய பெட்டி. செங்கல் கனம்!

அதுதான் ஹார்ட் டிஸ்க்.

தொண்ணூறுகளில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் பியூன் நான். சரக்கு லிஸ்ட் அடங்கிய அந்தப் பெட்டியை அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் கிளைக்குக் கொண்டுபோவது என் வேலை.

எனக்கு எழுத்துத் தெரியாது. இதையும் நான் சொல்லப் பேத்திதான் தட்டுகிறாள். ஆனால் எண்ணத் தெரியும். கிளையிலிருந்த லேப்டாப்பின் முதுகில் ஒன்பது ஊசி ஒரு போர்ட், பதினைந்து ஓட்டை ஒரு போர்ட், நீளமாக இருபத்தைந்து ஓட்டை ஒன்று. அந்த இருபத்தைந்துதான் ஹார்ட் டிஸ்க்குக்கு.

பெட்டியில்தான் வம்பு. அதில் ஒரே மாதிரி இரண்டு போர்ட். ஒன்று லேப்டாப்புக்கு, இன்னொன்று பிரிண்டருக்கு. குழம்பாமலிருக்க லேப்டாப்புக்கானதன் மேல் குங்குமம் வைத்திருந்தேன்.

அன்று கிளையில் கணக்கெழுதும் கிராணி சரசு கேபிளை மாட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, பெர்ரில கீழ போட்டுட்டீங்களா?"

"ஐயோ தங்கச்சி, பச்சப்புள்ள மாதிரி மடியில வச்சிட்டு வந்தேன்!"

"பாஸ் நம்பணுமே லா. மூணு மணிக்குள்ள சரக்கு லிஸ்ட் கஸ்டம்ஸுக்குப் போகலன்னா உங்க வேல போச்சு."

பெட்டியைத் திருப்பினேன். குனிந்து பார்த்தேன்... பொட்டைக் காணோம்!

"இங்க குங்குமம் வச்சிருந்தேனே?"

"அதுவா... அழுக்குன்னு தொடச்சிட்டேன்."

கண்ணை மூடினேன். நான் பொட்டு வைத்தது கரண்டு வயருக்குப் பக்கத்தில் இருந்த போர்ட்! இவள் மாட்டியிருந்தது மற்றதில்.

"எல்லா சுவிட்சையும் அடைச்சிரு. கேபிள இதுல மாத்து. மொதல்ல பெட்டி சுவிட்ச தொற. அது உறுமி அடங்கட்டும், அப்புறம் லேப்டாப்ப தொறக்கணும்."

"கம்ப்யூட்டர் கிளாஸ் போனது நானா, நீங்களா?"

முறைத்துக்கொண்டே செய்தாள். பெட்டி உறுமியது... உறுமியது... அடங்கியது.

"வந்துருச்சு அண்ணே!" நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். திரை முழுக்க வரிசை வரிசையாய் லிஸ்ட்! கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினாள். "வைங்க, இனி தொட மாட்டேன் லா."

இப்போது பேத்தியின் ஹார்ட் டிஸ்க் சட்டைப்பைக்குள் அடங்குகிறது. லேப்டாப்பில் சின்னதாக ஒரே வாய்; எப்படிச் செருகினாலும் நுழைகிறது. எண்ண வேலையே இல்லை.

நேற்று அதைக் காதோரம் வைத்துப் பார்த்தேன்.

"தாத்தா, அது சத்தம் போடாது லா!"

தெரியும்... இருந்தாலும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.