கோடு நகராத பாட்டுகள்

தென்காசியில் இசை ரசிகர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சாயங்காலமானால் ஒவ்வொருவரும் 'இப்போது கேட்டுக்கொண்டிருப்பது' என்று எழுதி, தங்கள் செல்போன் திரையைப் படமெடுத்துப் போடுவார்கள். ஆல்பத்தின் அட்டை, பாட்டின் பெயர், அதற்குக் கீழே பாட்டு எதுவரை ஓடியிருக்கிறது என்று காட்டும் கோடு.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் நமக்கும் ஏதாவது கிடைக்கும் என்று நம்புகிற சுபாவம் அதனால் வந்தது. குழுவில் சேர்ந்த புதிதில் அவர்கள் போட்டதையெல்லாம் வீரகேரளம்புதூர் பஸ்ஸில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். "சார், நடுவில் ட்ரம்ஸ் சட்டென்று நின்றுபோகிற இடம் அருமை" என்று எழுதுவேன். பதில் வராது. போட்டவருக்கே ட்ரம்ஸ் நிற்பது தெரியாது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. அந்தக் கோட்டை அப்புறம்தான் கவனித்தேன். எல்லார் படத்திலும் அது ஒரு நெல் அளவுகூட நகர்ந்திருக்காது. படமெடுக்கப் பாட்டைப் போட்டார்கள், எடுத்ததும் நிறுத்தினார்கள். இதற்குப் பெயர் ரசனை.

ஒருநாள் நான் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்ததைப் போட்டேன். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் நானே செல்போனில் பிடித்த நையாண்டி மேளம். குழுவை நடத்துகிறவர் செங்கோட்டை ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. உடனே குரல் பதிவு அனுப்பினார்.

"தம்பி, இது பாட்டு கேக்குத குரூப்பு. கொடை நோட்டீஸ் ஒட்டுத செவரு இல்ல."

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் சிரிப்பு முகங்களாகப் போட்டுத் தள்ளினார்.

"முழுசா கேட்டீங்களா அண்ணாச்சி?" என்று எழுதினேன்.

"மேளம்னா தெரியாதாக்கும்? சீசனுக்குக் குத்தாலம் வாரும்லா, அங்கன உமக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. நல்லதா ஒண்ணு கொண்டாரும்."

அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் பாராட்ட வேண்டாம். ஒரே ஒரு தடவை, ஒன்றை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கேட்டால் போதும். அதுவும் இதையே.

சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார்கள். அருவிக்குப் போகும் முன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டு, அது ஊறும்வரை பாட்டு கேட்பது இவர்கள் வழக்கம். நான் போய்ச் சேரும்போது ஏழெட்டுப் பேர் துண்டைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் எண்ணெய் படாமல் தரையில் சம்மணம் போட்டு மின்னிக்கொண்டிருந்தார்கள். நடுவில், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல், அண்ணாச்சியின் வெளிநாட்டு ஸ்பீக்கர்.

"எண்ணெய்க் கையோட எவனும் கிட்ட வரப்படாது, சொல்லிட்டேன்" என்றார். "ஏலே, நீ தேய்க்கலைல்லா? நீயே எல்லாருக்கும் பாட்டைப் போடு."

போட்டேன். பேராசிரியர் சொன்ன ஜாஸ் ஆரம்பித்து ட்ரம்பெட் வாயெடுக்கும் முன்னாலேயே, "பாஸ் எப்படி உருளுது பாத்தீரா வே!" என்று ஒருவர் ஆரம்பித்தார். பிறகு வயரைப் பற்றி, வயரின் விலையைப் பற்றி. "சரி, அடுத்தது போடு." இப்படியே எல்லார் பாட்டும் வாசலோடு திரும்பிப் போயின. ஸ்பீக்கரைக் கேட்டார்கள், வயரைக் கேட்டார்கள். பாட்டைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

என் முறை வந்தது. என் செல்போனை மாட்டி மேளத்தைப் போட்டுவிட்டுச் சன்னலோரம் போய் நின்றுகொண்டேன்.

"எலே, அந்தக் கொடை மேளமா? நிப்பாட்டுலே!"

"முழுசா கேட்போம் அண்ணாச்சி."

"யாராவது அதை நிறுத்துங்கப்பா" என்றார் பேராசிரியர். எழுந்த ஒருவரை அண்ணாச்சியே அதட்டினார்: "ஏ, எண்ணெய்க் கை! துணியில பட்டுச்சு, தொலைஞ்சீரு!" கடைசியில் அவரே எழுந்து, கட்டைவிரலால் என் செல்போன் திரையைத் தடவினார். விரல் வழுக்கிச் சத்தம் இரண்டு மடங்கானது. அறையில் ஒருவன் சிரித்துவிட்டான். அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் கேட்டார்கள். தவிலும் பம்பையும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டே போய், ஓர் இடத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கும். அந்த இடைவெளியில் நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பது கேட்கும். அந்த வெளிநாட்டு ஸ்பீக்கரில் அது பக்கத்தில் ஆள் நிற்பதுபோல் கேட்டது. அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அறை அந்த மூச்சுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டது. அவ்வளவுதான். மேளம் முடிந்ததும் பேராசிரியர், "ரெகார்டிங்ல இடது பக்கம் கொஞ்சம் அமுங்குது தம்பி" என்றார். துண்டை இறுக்கிக்கொண்டு எல்லாரும் அருவிக்குக் கிளம்பினார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி குழுவில் ஒரு சிம்பொனியைப் போட்டிருந்தார். 'சாரலில் கேட்டுக்கொண்டிருப்பது.' கோடு நகரவேயில்லை. பேராசிரியர் அதற்குக் கைகூப்பியிருந்தார்.

என் செல்போன் திரையில் அண்ணாச்சியின் கட்டைவிரல் எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு, லாட்ஜில் மேளம் முடிந்தபோது எடுத்து வைத்திருந்த படத்தைப் போட்டேன். கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியிருந்தது. கீழே எழுதினேன்: 'நாம் எல்லாரும் கேட்டது.'

இந்தத் தடவை சிரிப்பு முகம் ஒன்றுகூட வரவில்லை.