அருவாளில் தொங்கிய லோரிச் சாவிகள்

போன ஆண்டுக் கடைசியில் என் மனைவி லெட்சுமி துணிப்பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "ஜொகூருக்கு, மக வீட்டுக்குப் போறேன். இனி அங்கேயே இருந்துக்கிறேன்," என்றாள். அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மலேசியாவில், கோல சிலாங்கூர் வட்டாரத்தில் என்னைத் தெரியாதவன் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, செம்பனைக் குலை தூக்கி, இன்று நான்கு லோரிக்குச் சொந்தக்காரன். தோட்டங்களிலிருந்து குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப் போவது என் தொழில். வெட்டிய குலை காத்திருக்காது; உடனே போய்ச் சேராவிட்டால் கெட்டுவிடும். அதனால் நான் எங்கே போனாலும் வேலையும் கூடவே வரும். ஒரு முறை குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போகும்போது, லோரி சேற்றில் மாட்டியது என்று பாதி வழியில் தாப்பாவிலேயே காரைத் திருப்பினேன். இன்னொரு முறை பினாங்கில் நான் டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஹோட்டல் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யாருக்காக ஓடினேன்? இவர்களுக்காகத்தானே!

"சரி, பங்கோர் தீவுக்குப் போவோம். நாலு நாளு," என்றேன்.

"போனும் வருமா?"

"அது இல்லாம எப்படி?"

"அப்ப நான் வரல."

எங்கள் லோரிக் கொட்டகைக்கு எதிரில் முனீஸ்வரன் நிற்கிறார். புது லோரி வாங்கினால் சாவியை அவர் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் சக்கரம் உருளும். அன்று சாயங்காலம் நேராக அங்கே போய் நின்றேன். கும்பிடவில்லை. சத்தம் போட்டேன்.

"உனக்குக் கூரை போட்டது யாரு? டைல்ஸ் போட்டது யாரு? சுருட்டுல ஏதாச்சும் கொறை வெச்சேனா? என் பொண்டாட்டி பொட்டியக் கட்டிட்டா, நீ அருவாளத் தூக்கிக்கிட்டு வேடிக்கை பாக்குற! நாலு நாளைக்கு வேலை என்னைத் தேடி வரக்கூடாது. இனிமே நீயே மொதலாளி. இந்தா, வெச்சிக்க!"

கையில் இருந்த சாவிக்கொத்தை அருவாளில் மாட்டினேன். போனை அணைத்துக் காலடியில் வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, மறுநாள் விடியும்போது மனைவியோடும், அவளை அழைத்துப் போக வந்திருந்த மகள், மருமகனோடும் கிளம்பிவிட்டேன். லெட்சுமி அந்தப் பெட்டியோடுதான் காரில் ஏறினாள். பங்கோரிலிருந்து அப்படியே மகளோடு ஜொகூருக்குப் போய்விடலாம் என்பது அவள் கணக்கு.

முதல் நாள் முழுக்கக் கை சட்டைப்பையையே தடவியது. கடலைப் பார்த்தாலும் எரிச்சல், மணலைப் பார்த்தாலும் எரிச்சல். மறுநாள் சாப்பிடும்போது லெட்சுமி என்னையே பார்த்தாள். "இத்தனை வருஷத்துல இப்பதான் நீங்க சாப்புடறத முழுசா பாக்கறேன். மெல்லவே மாட்டீங்களா? லோரில குலை ஏத்துற மாதிரி ஏத்துறீங்க," என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எனக்குப் பொறி தட்டியது. சாவி! நான் எவனையும் நம்பாதவன். நான்கு லோரிச் சாவியும் தினமும் பொழுது சாய்ந்ததும் என் கைக்கு வந்துவிடும். அந்தக் கொத்தைத்தான் ஆத்திரத்தில் சாமி கையில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். லோரி எப்படிக் கிளம்பியிருக்கும்? எழுந்து மருமகனிடம் போனைக் கேட்டேன். லெட்சுமி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, எடுத்த துணிகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள்.

மருமகன் போனை நீட்டியபடியே நிற்கிறான். அங்கே என் தொழில் போகிறது, இங்கே என் வீடு போகிறது. வாழ்க்கையில் முதல் முறையாக நெஞ்சுக்குள் கெஞ்சினேன்: "முனியா, மொதலாளின்னு சொல்லிட்டேன். மொதலாளியாவே இரு." போனை வாங்கவில்லை. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுக்கின துணியை அவள் வெளியே எடுக்கவில்லை. ஆனால் பெட்டியை மூடவும் இல்லை.

நான்காம் நாள் கிளம்பும்போது, "கோல சிலாங்கூருக்கே விடுங்க. அங்க என்ன ஆச்சுன்னு நானும் பாக்கணும்," என்றாள்.

வந்து பார்த்தால் நான்கு லோரியும் விட்ட இடத்திலேயே நிற்கின்றன! எனக்கு வந்ததே கோபம். டிரைவர் மாரிமுத்துவைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுத்து ஓட்டறதுக்கு என்னடா கேடு?"

"சாமி கையில இருக்கறத எவன் தொடுவான் மொதலாளி? பூக்கட்டிக் கேட்டோம். வெள்ளை வந்தா எடுக்கலாம், செவப்பு வந்தா எடுக்கக்கூடாதுன்னு. மூணு வாட்டியும் செவப்பு."

"அப்ப குலை?"

"ஆ லியோங் லோரியில ஏத்திட்டோம்."

ஆ லியோங்! எனக்குப் போட்டிக்காரன். எத்தனையோ வருடமாக நான் முகம் கொடுத்துப் பேசாதவன். ஒரு குலைகூடக் கெட்டுப்போகவில்லை. ஒரு தோட்டக்காரர்கூட என்னை விட்டுப் போகவில்லை. அது இன்னும் எரிச்சல். நான் இல்லாமல் எவனுமே சாகவில்லை!

சாமியிடமே திரும்பினேன். "பாத்துக்கச் சொன்னா, கடையச் சாத்துவியா நீ?"

பின்னால் லெட்சுமி. "பாத்துக்கச் சொன்னீங்களா? வேலை தேடி வரக்கூடாதுன்னுதானே கேட்டதா சொன்னீங்க. அதைத்தான் குடுத்திருக்காரு. சும்மா கத்தாதீங்க. சாவிய எடுக்கறதுக்கு முந்தி நீங்களும் பூவக் கேளுங்க."

கேட்டேன். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை. அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

மறுநாள் ஆ லியோங் வந்தான். அவன் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "அண்ணே, அடுத்த மாதம் நான் பிள்ளைகளோடு ஊர் சுற்றப் போகிறேன். உன் லோரி எனக்கு வேண்டும்." அவன் குலையை நான் ஏற்றினேன். இந்த ஆண்டு நானும் லெட்சுமியும் மறுபடி கிளம்பியபோது என் குலையை அவன் ஏற்றினான்.

தொழில் செய்கிற சொந்தங்களே, எனக்கு இன்னும் கோபம்தான். இப்போது உங்கள் மேல். "எனக்கு லீவே கிடையாது" என்று மார்தட்டுகிறீர்களே, என்னைவிடப் பெரிய தொழிலா உங்களுக்கு? சாவியை என் முனி ஐயாவிடம் கொடுங்கள். நிஜமாகக் கொடுங்கள். கொடுத்துவிட்டுப் பாதியில் போனைத் தேடாதீர்கள்.

லெட்சுமியின் பெட்டி இப்போது அலமாரி மேல் இருக்கிறது. இந்த ஆண்டு இறக்கினபோது, என் சட்டைகளையும் அதிலேயே வைத்தாள்.