பின் சக்கரத்துக் கல்

கொச்சியில் நான் வேலை பார்க்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஷோரூமுக்குப் போடிமெட்டு மலையிலிருந்து ஏலக்காய்த் தோட்ட முதலாளி ஒருவர் வந்தார். காரை ஓட்டிப் பார்க்கத் தன் ஜீப் டிரைவரையும் கூட்டி வந்திருந்தார். டிரைவருக்கு அறுபது வயதிருக்கும், கொச்சி வெயிலிலும் கழுத்தில் கம்பளி மப்ளர், கையில் கனமான துணிப்பை.

நான் பக்கத்தில் உட்கார, அலுங்காமல் ஓட்டினார். திரும்பி வந்து வாசலில் நிறுத்தியதும் இறங்கி, பையிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். பளிங்குத் தரையில் கல் உரசிய சத்தத்துக்கு ஷோரூமே திரும்பிப் பார்த்தது. கோடி ரூபாய்க் கார்! அவரிடம் குனிந்து சொன்னேன்.

“அண்ணே, இது ஜீப் இல்ல. பிரேக் தானாப் பிடிச்சுக்கும். தரையும் சமமாத்தானே இருக்கு?”

அவர் நிமிராமல் கல்லை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

“பிரேக்கு பிடிச்சிருக்குன்னு நம்பித்தான் சார் அன்னைக்குக் கல்லு வைக்கல. என் தம்பி பின்னால நின்னு மூட்டை இறக்கிக்கிட்டு இருந்தான்.”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

புறப்படும்போது டிரைவர் கல்லை எடுக்கக் குனிந்தார். சட்டென்று நிமிர்ந்து, காருக்குப் பின்னால் நின்றிருந்த என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய் நிறுத்தினார். அப்புறம்தான் கல்லை எடுத்தார்.