நிறுவையில் போட்ட சிலுவை

ஹாலிஎலயில் என் மகன் வீட்டில் கிரிக்கெட் நடக்கிற நாளில் டிவிக்கு முன்னால் உட்கார இடம் கிடைக்காது. போன கிழமை எந்த நாட்டுப் பையனோ ஒருவன் நூறு அடித்தான். மட்டையைக் கீழே வைத்து மண்டி போட்டான். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டு வானத்தைப் பார்த்தான். அதை நாலு பக்கமிருந்தும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். "பாத்தீங்களாம்மா, நம்ம ஆளு!" என்று மகன் துள்ளினான். நம்ம ஊருமில்லை, நம்ம பாஷையுமில்லை. சிலுவை போட்டதால் நம்ம ஆளாம்.

அடுத்த ஆட்டத்தில் வேறொரு பையன் நூறு அடித்துவிட்டு நெற்றியைப் புல்லில் வைத்துத் தொழுதான். அதே மகன், அதே நாற்காலி. "வெளையாட வந்தா வெளையாடணும். இதெல்லாம் பள்ளிவாசல்ல வச்சுக்க வேண்டியதுதானே?" என்றான். கூட இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் வராது. அடுப்படிக்குப் போய்க் கழுவின கோப்பைகளையே மறுபடியும் கழுவினேன். அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன எழுத்துதான் என்னுடையது. இருந்தாலும் சொல்ல முடியாததை எழுதியாவது தொலைக்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் மட்டும்தான் மாதா படம் வைத்திருந்தோம். எங்களை வேதக்காரர் என்பார்கள். அதில் கோபமும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. தேருக்கு நாங்களும் வடம் பிடிப்போம், கிறிஸ்மஸ் பலகாரம் எல்லா வீட்டுக்கும் போகும்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். கொழுந்து எடுக்கிறவள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு, நிறுவைக்கு, ஓடுவேன். பெண்கள் வரிசையாக வந்து கூடையை இறக்குவார்கள். கூடைக் கயிறு நாள் முழுக்க அழுத்தினதில் எல்லார் நெற்றியிலும் பள்ளம் விழுந்திருக்கும். கழுத்து லேசானதும் ஒருத்தி "முருகா" என்பாள், ஒருத்தி தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அத்தையின் கை அந்தப் பள்ளத்தைத் தொட்டு, ஈ ஓட்டுகிற வேகத்தில் ஒரு சிலுவை போடும். தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற கங்காணி அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் கண் முள்ளின் மேலேயே இருக்கும்.

அந்த வருடம் தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்குக் கூடை ஓட்டம் வைத்தார்கள். கொழுந்து நிரப்பின கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். முதலாவதாக வருகிறவளைப் பதுளையில் மற்றத் தோட்டங்களோடு ஓட அனுப்புவார்கள். "ஜெயிச்சா ஒன்னயும் கூட்டிக்கிட்டுப் போறேன்டி. ரயிலப் பாக்கலாம்" என்று அத்தை எனக்குச் சொல்லியிருந்தாள். நான் அதுவரை ரயிலைப் பார்த்ததில்லை.

ஓட்டத்துக்கு முன் மாரியம்மனுக்குப் பூசை போட்டு எல்லாருக்கும் துன்னூறு கொடுத்தார்கள். அத்தை வழக்கம்போல் ஒதுங்கி நின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஓடினாள் பாருங்கள்! கூடை முதுகில் ஒட்டினது ஒட்டினபடி இருக்க, காற்று மாதிரி வந்து சேர்ந்தாள். ரொம்பப் பின்னால் இரண்டாவதாக வந்தது கங்காணியின் மருமகள்.

அத்தை மண்டி போட்டுக் கூடையை இறக்கினாள். கை நெற்றிக்குப் போனது. துரையும் துரைசானியும் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொத்தத் தோட்டமும் பார்த்துக்கொண்டிருந்தது.

கங்காணிக்கு அன்றைக்குத்தான் கண் தெரிந்தது. "ஏ புள்ள, ஆத்தாளுக்குப் பூச போட்ட மண்ணுல நின்னுக்கிட்டு யாரக் கும்புடுற?"

"தெனம் நிறுவையில போடுறதுதானே, கங்காணியய்யா. அங்க ஒங்களுக்குத் தெரியலயா?"

"வேதக்காரி வாயப் பாருடா!" என்று யாரோ கத்தச் சிரிப்பு கிளம்பியது.

"துன்னூறு பூசிக்க, பதுளைக்குப் போ. இல்லாட்டி வேற ஆளு போகும்" என்றார் கங்காணி. பூசாரி தட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

அத்தை தட்டைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கூடையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள். துரைக்கு யாரும் எதையும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவர் கை தட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் மாதா கோயிலிலாவது அத்தையின் பக்கம் பேசுவார்கள் என்று பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அவளை நிறுத்தி, "துன்னூறு பூசாதது சரிதான். ஆனா பொம்பளப்புள்ள, அத்தன ஆம்பளைங்க முன்னால, சேல ஒதுங்க மண்டி போடலாமா? ஜெபம்னா வீட்டுக்குள்ள" என்றார். இந்த வாய்களை எல்லாம் எந்தத் தராசில் வைப்பது? இன்றைக்கு அந்த வெளிநாட்டுப் பையனிடம் எவனாவது தட்டை நீட்டுவானா? ஜெபம் வீட்டுக்குள்ளே என்பானா?

கங்காணியின் மருமகள் நெற்றி நிறையத் துன்னூறோடு லொறியில் பதுளைக்குப் போனாள். எல்லாரும் குலவை போட்டார்கள். நான் பாதையோரம் நின்று அழுதேன். எனக்குக் கோபமெல்லாம் அத்தை மேல்தான். "மனசுக்குள்ளயே போட்டிருக்கலாம்ல அத்த?" என்று கேட்டேன். அத்தை என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் நிறுவைக்குப் போனேன். அத்தையின் முறை வந்தது. கூடையை இறக்கினாள். தராசுக்கு நேரே, கங்காணியின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நின்றாள். நெற்றிப் பள்ளத்தில் விரலை வைத்து, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் கையை நீளமாக வீசி, அவசரமே இல்லாமல் ஒரு சிலுவை போட்டாள். பின்னால் வரிசை அப்படியே நின்றது. கங்காணி முள்ளைப் பார்த்தார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். நாங்கள் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை அப்படித்தான்.

அத்தைக்குப் பக்தி கூடிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. பக்கத்தில் நின்று நானும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு நாள் இமையை லேசாகத் திறந்து பார்த்தேன். அத்தையின் கண் இரண்டும் திறந்தபடி கங்காணியின் மேல் இருந்தன. கும்பிடும்போது கண்ணை மூட வேண்டும் என்று பாவம், அத்தைக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.